வலது கண்ணின் பனி

சொட்டு மருந்து விட்டு
கண்ணை மூடியிருக்கச் சொன்னார்கள்.
மூடவில்லை.
எதிர்ச்சுவரில் ஒரு காடு.

டாக்டரின் அக்கா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்ததாம்.
யார் வரைந்தது என்றேன்.
"கீழ கிறுக்கியிருக்கும் பாருங்க சார்"
என்றாள் டோக்கன் கொடுக்கும் ஜெபக்கனி.
படம் முழுக்கவே கிறுக்கல்தான்.

பத்துப் பன்னிரண்டு மரம்,
ஒன்றிலும் இலையில்லை,
நேராக நிற்க ஒன்றுக்கும் மனமில்லை.
மானாமதுரைப் பக்கம்
மூட்டம் போட அடுக்கிய கருவேலங்கட்டைகள்
எரியும் முன்பே கரியானது போல.
தரையெல்லாம் புழுதி மஞ்சள்,
சித்திரை மாசத்து உசிலம்பட்டி ரோடு.

அடியில் சின்னதாக ஒட்டியிருந்தது:
குளிர்காலக் காடு.

எனக்குச் சிரிப்பு.
எங்களூரில் பனி என்றால்
மார்கழிக் காலையில் மொபெட் சீட்டைத் துடைக்கிற துணி.
தமுக்கத்தைச் சுற்றி நடக்கும் குரங்குக் குல்லாய்கள்.
மிஞ்சிப் போனால் கரிமேட்டில்
வஞ்சிரத்தின் மேல் கொட்டும் ஐஸ்.
அதுவும் ஏழெட்டு வருஷமாகப் பழுப்பு.
தண்ணீர் சரியில்லை என்றே நினைத்திருந்தேன்.

நினைத்தவன் யார்?
தெற்கு மாசி வீதிப் பெயிண்ட் கடையில்
இருபத்தெட்டு வருஷம்.
கலக்குகிற மெஷின் வந்த பிறகும்
முதலாளி என் கண்ணைத்தான் கேட்பார்.
"பிச்சைமணி, இது சரியா?"
டப்பாவைச் சாய்த்துப் பார்ப்பேன்.
"இன்னும் ரெண்டு சொட்டு நீலம்."

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள்,
வலது மட்டும்.
இடது பொங்கலுக்கு முன்பு.

வெளியே வந்தேன்.
காடு அங்கேயே நின்றது,
ஆனால் தரை நீலம்.
ஷேடு கார்டின் எந்தப் பக்கத்திலும் இல்லாத,
பல் கூசுகிற நீலம்.
அதற்குள் ஊதா ஓடியது.
கரியென்று நான் நினைத்த மரங்களில்
ஒன்று பச்சை,
ஒன்று வரமிளகாய்ச் சிவப்பு,
காற்று எந்தப் பக்கம் அறைந்ததோ
அந்தப் பக்கம் மட்டும்.
வரைந்தவனுக்குக் கை விறைத்திருக்க வேண்டும்.
தூரிகையை விரலால் அல்ல,
முழங்கையால் இழுத்திருக்கிறான்.

"படத்த மாத்திட்டீங்களா?"
"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க சார்"
என்று அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

வலதை மூடினேன், உசிலம்பட்டி.
இடதை மூடினேன், என் முதுகில் ஏதோ சில்லென்றது.

பரவைக்கு ஆட்டோவில் போகும் வழியில்
விளாங்குடி.
"நிறுத்துப்பா."
கறுப்புக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினேன்.

தனுஷ்கோடி வாத்தியார் வீடு.
ஆகாயத்தின் சாயல் மட்டும் போதும் என்று
ரெண்டு வருஷத்துக்கு முன் கேட்டார்.
ரெண்டு சொட்டு, இன்னும் ரெண்டு,
போதவில்லை என்று மறுபடி ரெண்டு.
வெளிறிய தெருவின் நடுவில்
அந்த வீடு கத்திக்கொண்டிருந்தது.

கோலப்பொடிக் கையோடு அவர் மனைவி வந்தார்.
மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கினேன்.
"ஏம்மா அப்பவே திருப்பித் தரல?"

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு.
அப்புறம் வெயில்ல நடந்து வர்றப்ப
முக்குலேருந்தே குளிர ஆரம்பிச்சிருச்சு.
இருக்கட்டும்னு விட்டோம்."

பனி பார்த்தறியாத தெருவில்
சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.
சுட்டது.

ஜெபக்கனி போன் செய்கிறாள், இடது கண்ணுக்கு.
பொங்கல் சீசன், கடையில் கூட்டம் என்கிறேன்.
பொய்யில்லை.
ஆனால் அந்த மஞ்சள் காடு
உலகத்தில் என் இடது கண்ணில் மட்டும் இருக்கிறது.
இருபது நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள்.

நேற்று ஒருவர் வந்தார்.
"நல்ல வெள்ளையா ஒரு பத்து லிட்டர்."
எந்தக் கண்ணுக்கு என்று
கேட்க வாயெடுத்து,
டப்பாவைக் குலுக்கினேன்.